குருவம்மாள் முதுகில் ஒட்டிய காகிதம்

மேற்கே மொட்டைமலை, கிழக்கே எப்போதாவது நிறைகிற கண்மாய், நடுவில் வருசம் முழுக்கக் காற்று என்று மஞ்சனூரணி என்றொரு ஊர். அந்த ஊரில் வீடு வீடாகப் போய்க் கரண்டு மீட்டர் பார்க்கிற நாகமாணிக்கம், ஒரு ஆடி மாதத்து மத்தியானம், கயிறு போட்டு இறுக்கியிருந்த ஒரு காகிதக் கட்டைப் பிரித்து வெயிலில் காயவைத்தார். மறுநாள் விடியும்போது ஊர் நடுவிலிருந்த அடிபம்பின் கழுத்தில் அதிலிருந்து ஒரு துண்டு ஒட்டியிருந்தது. அன்று விளக்கு வைக்கிற நேரத்துக்கு அடிபம்பு வற்றிப்போனது.

துண்டு என்றால், நீளவாக்கில் வெட்டிய மஞ்சள் தாள். அதில் சிவப்பு மையில் கொட்டை எழுத்தில் 'இன்றே கடைசி' என்று அச்சடித்திருக்கும். கொட்டகையில் ஓடுகிற படத்தின் சுவரொட்டிக்குக் குறுக்கே, ராணியின் கழுத்தையும் ராஜாவின் மீசையையும் மறைத்துக்கொண்டு, படம் மாறுவதற்கு முன்னால் ஒட்டுவார்களே, அதுதான். மஞ்சனூரணிக்குப் பக்கத்தில் முன்னொரு காலத்தில் ஒரு டூரிங் கொட்டகை இருந்தது. கொட்டகை போய், கீற்றுப் போய், மண் தரையும் பொட்டலாகிப் போன பிற்பாடு, அந்தக் கொட்டகைக்காரரின் பேரன் வீட்டு மாட்டுத் தொழுவத்தில், புண்ணாக்கு மூட்டைகளுக்குப் பின்னால், அந்தக் கட்டு மட்டும் ஒட்டப்படாமல் கிடந்தது. ஒட்டாத துண்டு என்றால் சேகரிக்கிறவர்களுக்கு அது பொன். நாகமாணிக்கம் அதை மடியில் வைத்து, சைக்கிளை உருட்டிக்கொண்டே வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

அவருக்கு அப்படி ஒரு பித்து. மீட்டர் பார்க்கிற ஆளுக்குத் திறக்காத வீடு கிடையாது என்பதால், ஸ்டூல் போட்டு ஏறி மீட்டரைப் பார்க்கிற சாக்கில் பரணையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பரண்ல அந்தக் காலத்துப் பாட்டுப் புஸ்தகம் கெடக்காத்தா? கொட்டகையில குடுத்த நோட்டீசு, போட்டோ அட்டை, எதுவா இருந்தாலும் சரி, எலி கடிச்சதா இருந்தாலும் சரி" என்று கேட்பார். அவர்களும் மஞ்சள் கிழங்கோடும் செத்த பல்லியோடும் சேர்த்து எதையாவது எடுத்துக் கொடுப்பார்கள். படம் பேசத் தொடங்கின புதிதில் வந்த பாட்டுப் புத்தகங்கள், மாட்டு வண்டியில் தட்டியைக் கட்டிக்கொண்டு வந்து வீசின ரோஸும் பச்சையுமான நோட்டீசுகள், மடிப்பு விட்டுப்போன சுவரொட்டிகள், இப்படி அவர் வீட்டுப் பின் அறை முழுக்கக் காகிதம். சுவரொட்டியின் மேல் ஒட்டின துண்டுகளை இட்லிப் பானை ஆவியில் காட்டி, மழுங்கின கத்தியால் கிழியாமல் எடுப்பதில் அவருக்கு இணை இல்லை. படம் பார்க்கிற வழக்கம்தான் அவரிடம் இல்லை. "இவுக கொட்டகைக்குள்ள கால் வச்சது கிடையாது, காகிதத்தைத்தான் கட்டிக்கிட்டாக, என்னை மேலுக்குக் கட்டினாக" என்று அவர் மனைவி குருவம்மாள் சொல்வாள், அவர் காதில் விழும்படியே.

அடிபம்புக்குப் பிறகு டவுன் பஸ்ஸின் நெற்றியில் ஒட்டியது. அன்று சாயங்காலம் போன பஸ் மறுநாளிலிருந்து வரவில்லை, டிப்போவில் போய்க் கேட்டதற்கு அப்படி ஒரு தடமே இருந்ததில்லையே என்று ஆச்சரியப்பட்டார்கள். பிறகு ஊரணிக்கரை வாகை மரத்தில் ஒட்டியது, அது காற்றே இல்லாத ஒரு மாலையில் களைத்துப்போனவர் உட்காருவதுபோல மெல்லச் சாய்ந்தது. பிறகு ஒரு கோழிக்கூட்டில் ஒட்டியது, கூட்டுக்காரர்கள் விளக்கு வைக்கிற நேரம் வரை காத்திராமல் மத்தியானமே குழம்பு வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் முதன்முதலாக ஒரு கதவில் ஒட்டியது. அது கொடிக்கால் வேலுச்சாமி வீட்டுக் கதவு. அவர் தனி ஆள், அன்று பொழுது அடைகிற நேரத்தில், பிசைந்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோன கை பாதி வழியில் நிற்க, அவர் முடிந்துபோனார்.

ஏன் என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. எப்படி நடந்துகொள்வது என்றுதான் கேட்டார்கள், அதற்கு மெல்ல மெல்ல ஒரு முறையும் உண்டானது. விடியலில் வாசல் தெளிக்க வருகிற பெண்கள் வாசலைப் பார்ப்பதற்கு முன் கதவைத் திரும்பிப் பார்த்தார்கள். சிலர் கதவுக்கு விளக்கெண்ணெய் பூசி வைத்தார்கள், எண்ணெய்க்கு மேலேயும் அது ஒட்டியது. துண்டு ஒட்டின வீட்டுப் பக்கம் போகாமல் இருப்பதுதான் மரியாதை என்று ஆனது. அந்தத் தெருவில் ரேடியோ வைக்கக் கூடாது, பிள்ளைகளை அடுத்த தெருவுக்கு அனுப்பிவிட வேண்டும், எதிர்வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்திக்கொள்ள வேண்டும். பார்த்தால் தொற்றிக்கொள்ளும் என்கிற பயம் ஒரு பக்கம், பார்த்து என்னத்தைப் பேசுவது என்கிற கூச்சம் ஒரு பக்கம். பந்தல்காரர் நாற்காலிகளைச் சத்தம் வராமல் பக்கத்துச் சந்தில் இறக்கிவைத்துவிட்டுப் பீடி குடிப்பார். கண்ணீர் அஞ்சலி போர்டு அடிக்கிற பையன் டவுனிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து, சந்தனம் வைத்த போட்டோவா வைக்காத போட்டோவா என்று தூரத்துச் சொந்தக்காரர்களிடம் குசுகுசுவென்று கேட்பான். உள்ளே, துண்டு ஒட்டினவர், ஒரு குரல்கூடக் கேட்காத வீட்டில், பொழுது இறங்குவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். அப்படித்தான் தறிக்காரர் மனைவி போனார், அப்படித்தான் சத்துணவு ஆயா போனார், அப்படித்தான் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த ஒரு வீட்டில் மாப்பிள்ளைப் பையனே போனான்.

"ஏப்பா மாணிக்கம், உன் கட்டுதானே இது?" என்று ராவுத்தர் டீக்கடையில் வைத்து ஊர்ப் பெரியவர்கள் கேட்டார்கள். நாகமாணிக்கம் ஆமாம் என்று தலையைக் குனிந்துகொண்டார். கட்டைக் கொண்டுவந்து கடைக்கு முன்னால் சீமெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். அவரே தீக்குச்சியைக் கிழித்துப் போட்டார். மறுநாள் பஞ்சாயத்துக் கட்டடத்துக் கடிகாரத்தில் ஒட்டியிருந்த துண்டுக்கு ஓரம் கருகியிருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். அன்றிலிருந்து நாகமாணிக்கம் மீட்டர் பார்க்கப் போகிற வீடுகளில் ஸ்டூலை அவரே தேடி எடுத்துப் போட வேண்டியிருந்தது. யாரும் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் தூக்கம் வந்திருக்கும்.

ஒவ்வொரு விடியலிலும் அவர் குருவம்மாளுக்கு முன்னால் எழுந்து கதவின் வெளிப்பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டு வந்து படுப்பார். அன்றைக்கு என்னவோ அசந்துவிட்டார். எழுந்து வந்தபோது அவள் வாசல் தெளித்து முடித்து, குனிந்து கோலத்துக்குப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தாள். அவள் முதுகில், வலது தோளிலிருந்து இடுப்புப் பக்கமாகக் கொஞ்சம் சரிந்து, மஞ்சள் துண்டு ஒட்டியிருந்தது.

அவர் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன, நட்டுவச்ச கம்பம் மாதிரி நிக்கிறீக? காப்பி அடுப்புல இருக்கு, எடுத்துக் குடிக்க வேண்டியதுதானே."

"குருவு..."

"என்ன?"

"ஒண்ணுமில்ல."

பக்கத்து வீட்டுச் செண்பகம் வாளியோடு வெளியே வந்தாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த மண் சுவர் ஒரு மழைக்காலத்தில் பாதி இடிந்துபோனதிலிருந்து, அதை இடித்தது நீதான் என்று ஒருத்தி மேல் ஒருத்தி பழி போட்டு, பேச்சு வார்த்தை இல்லாமல் இருந்தவர்கள். இடிந்த சுவருக்கு மேலாகச் செண்பகம் பார்த்தாள், வாளியை நின்ற இடத்திலேயே வைத்தாள், உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள். பிறகு எதிர்வீட்டு ஜன்னல் சாத்துகிற சத்தம், பிறகு அதற்கடுத்த வீடு, பிறகு தெரு நெடுக, யாரோ ஒரு பெரிய பெட்டியின் அறைகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு போவதுபோல. குருவம்மாள் நிமிர்ந்தாள்.

"எம் மேலயா?"

"முதுகுல."

"என்ன போட்டிருக்குன்னு படிங்க."

"அதான் தெரியுமே குருவு."

"படிங்கன்னா படிக்கணும்."

"இன்றே கடைசி."

"நேரா ஒட்டியிருக்கா?"

"கொஞ்சம் சரிஞ்சிருக்கு."

"ஒட்டத் தெரியாத பய," என்று சொல்லிவிட்டு அவள் விட்ட இடத்திலிருந்து புள்ளி வைத்தாள். ஆனால் அன்றைக்குத்தான் அவள் கோலத்தில் ஒரு புள்ளி தள்ளி விழுந்ததை அவர் பார்த்தார்.

சேலையை மாற்றிக் கட்டினாள், மாற்றின சேலையிலும் துண்டு இருந்தது. மகளுக்குப் போன் போட்டார்கள். அவள் குஜராத்தில் இருந்தாள், ரயில் ஏறினாலும் பொழுதுக்குள் வந்து சேர முடியாது, அழுதுகொண்டே ரயில் பார்க்கப் போனாள். குருவம்மாள் போனை வைத்துவிட்டுக் கிரைண்டர் கொட்டடிக்குப் போய், ஊறின அரிசியை அள்ளிப் போட்டு ஓட விட்டாள். ஊருக்கெல்லாம் மாவு அரைத்துக் கொடுப்பது அவள் தொழில், யாருக்கு அரைக்கிறோம் என்று அன்றைக்கு அவள் யோசித்ததாகத் தெரியவில்லை, கல் சுற்றுகிற சத்தம் வேண்டியிருந்தது. நாகமாணிக்கம் இட்லிப் பானையில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, மழுங்கின கத்தியை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் வந்து உட்கார்ந்தார்.

"சுடும். பொறுத்துக்க."

"சுட்டா சுடட்டும். பொறுத்துக்கிட்டு எங்க கொண்டுபோகப் போறேன்."

ஆவியைக் காட்டினார். ஓரம் கொஞ்சம் ஊறியது, கத்தி நுழைகிற மாதிரி வந்தது, மறுபடி இறுகிக்கொண்டது. மறுபடி காட்டினார். எத்தனையோ சுவரொட்டிகளில் எத்தனையோ துண்டுகளைக் கிழியாமல் எடுத்த கைக்கு அன்றைக்கு இது வசப்படவில்லை. அப்படி ஆவி காட்டிக்கொண்டே, பழக்க தோசத்தில், இந்தத் துண்டுக்குக் கீழே எந்தத் துண்டு இருக்கும் என்று அவர் மனசு தேடியது. ஏனென்றால் எப்போதும் கீழே ஒன்று இருக்கும். 'இன்றே கடைசி'யை எடுத்தால் அதற்குக் கீழே 'பொதுமக்கள் விருப்பத்திற்கிணங்க மேலும் ஒரு வாரம்' இருக்கும், அதை எடுத்தால் அதற்குக் கீழே இன்னொரு 'இன்றே கடைசி' இருக்கும், அதற்குக் கீழே இன்னொரு வாரம், நல்லா ஓடின படத்தின் சுவரொட்டி என்றால் அடுக்கடுக்காகப் புரோட்டா மாதிரி கனத்திருக்கும். கடைசி என்று ஒட்டினால் கூட்டம் வரும், கூட்டம் வந்தால் கடைசி தள்ளிப்போகும். கூட்டம் வராத படத்துக்குத்தான் துண்டு சொன்னது சொன்னபடி நடக்கும்.

கத்தி கையிலிருந்து நழுவிற்று. கண்ணீர் அஞ்சலி ஒட்டி ஒட்டிப் பழகின ஊர், சுவரில் எதைப் பார்த்தாலும் அப்படியே படித்துவிட்டது. கொட்டகைக்காரன் ஆளைக் கூப்பிட ஒட்டுகிற காகிதத்தை, ஆளை அனுப்பிவைக்கிற காகிதம் என்று எடுத்துக்கொண்டு, கதவைச் சாத்தி, ஜன்னலைச் சாத்தி, கொடிக்கால் வேலுச்சாமியையும் சத்துணவு ஆயாவையும் காலிக் கொட்டகையாக்கி ஓட்டி முடித்துவிட்டது. வாழ்நாளெல்லாம் அந்தக் காகிதத்தோடு புழங்கினவர், அவரும் ஜன்னலைச் சாத்தினவர்தான்.

"குருவு, கூட்டம் சேக்கணும்."

"எதுக்கு?"

"உன்னைப் பாக்க. பொழுதடையும்போது இந்த வீடு நெறஞ்சிருக்கணும்."

குருவம்மாள் கிரைண்டரை நிறுத்தினாள். அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். "இந்த ஊர்ல? என் மூஞ்சியப் பாக்க? வேற பேச்சு இருந்தாப் பேசுங்க."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. குருவம்மாள் வாய் அப்படி. வந்த வார்த்தையைப் பல்லுக்கு உள்ளே ஒரு நொடி நிறுத்திவைத்து அவளுக்குப் பழக்கமில்லை. ரேசன் அரிசியைக் கொண்டுவந்து பொன்னி என்றவர்களை வரிசையில் எல்லாருக்கும் முன்னால் கேட்டாள், மருமகளைக் கரித்துக்கொட்டின மாமியார்களிடம் அவர்கள் மருமகளாக இருந்த காலத்தை நினைவுபடுத்தினாள். மஞ்சனூரணியில் அவளோடு சண்டை போடாத வீட்டைத் தேடினால் புதிதாகக் குடிவந்த வீடாக இருக்கும்.

ஆனாலும் நாகமாணிக்கம் சைக்கிளை எடுத்தார். டீக்கடைக்கு வந்து, "மாமா, ஒரு எட்டு வீட்டுக்கு வந்துட்டுப் போங்க. கூட்டம் இருந்தா அவ பொழச்சுக்குவா, சொன்னாக் கேளுங்க" என்று மூச்சு வாங்கினார். ராவுத்தர் டீ ஆற்றுவதை நிறுத்தவில்லை.

"மாணிக்கம், தப்பா நெனைக்காத. உன் வீட்டம்மா என் டீயக் குடிச்சிட்டு, ஊரே நிக்கிறப்ப, குடிச்ச டம்ளர்லயே துப்பிட்டு, இதுக்கு ஊரணித் தண்ணி தேவலைன்னுச்சு."

"அதுக்கு நான் மன்னிப்புக் கேட்டேனே மாமா."

"நீ கேட்ட. அது கேக்கலையே."

தையல் கடை பொன்ராசு தலையையே நிமிர்த்தவில்லை. "நான் தச்ச ஜாக்கெட்டைக் கொண்டுபோயி சோளக்கொல்லைப் பொம்மைக்கு மாட்டிவிட்டது யாருண்ணே? நான் வர மாட்டேன்." மிசினை ரெண்டு மிதி மிதித்தார். "ஆனா ஒண்ணுண்ணே. பொம்மைக்கு மட்டும் எப்படி அம்புட்டு அம்சமா இருந்துச்சுன்னு மதினிகிட்ட ஒரு தடவை கேக்கணும்னு ரொம்ப நாளா மனசுல கெடக்கு."

நாகமாணிக்கம் அங்கேயே நின்றுவிட்டார். வெயில் உச்சியிலிருந்து இறங்கத் தொடங்கியிருந்தது. ஆள் ஆளுக்குக் கோபம் இருக்கிறது என்றுதான் அவர் இதுவரை நினைத்திருந்தார். கோபத்துக்கு அடியில் ஆள் ஆளுக்கு ஒரு கேள்வி இருக்கிறது. கேள்வி இருக்கிற ஆளை எப்படி வரவழைப்பது என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்தப் பக்கத்திலேயே கிடையாது. அந்தக் காலத்து நோட்டீசில் கதையைப் பாதி வரைக்கும் சொல்வார்கள்; ராணி தீயில் இறங்கினாளா, ராஜா வந்து சேர்ந்தானா என்கிற இடத்தில் வெட்டி, மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று போடுவார்கள். அந்த மீதிக்காகத்தான் ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு, கட்டுச்சோறு கட்டிக்கொண்டு, கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

அச்சகம் டவுனில் இருந்தது, அதற்கெல்லாம் நேரம் இல்லை. அவர் பின் அறைக்குள் போனார். ரோஸ் நோட்டீசு, பச்சை நோட்டீசு, கத்தரிப்பூ நிற நோட்டீசு, எல்லாம் ஒரு பக்கம் மட்டும் அச்சடித்தவை, பின்பக்கம் வெறுமை. எடுத்த முதல் தாளே வேறெங்கும் இன்னொன்று இல்லாத தாள். அதற்காக அவர் ஒரு முழு வருசம் ஒரு வீட்டுக் கிழவருக்குப் பொடி வாங்கிக் கொடுத்திருந்தார். அதை மடியில் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு, மீட்டர் அட்டையில் எழுதுகிற பேனாவை மூடி திறந்து பிடித்தபடி கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தார். கொட்டடியில் கல் சுற்றுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு எழுதத் தொடங்கினார்.

'மஞ்சனூரணி ரசிகப் பெருமக்களே! இன்று ஒருநாள் மட்டும்! கிழக்குத் தெரு நாகமாணிக்கம் இல்லத்தில் குருவம்மாள் நேரில் தோன்றுகிறார்! சோளக்கொல்லைப் பொம்மைக்கு ஜாக்கெட் பொருந்திய மர்மம் என்ன? ராவுத்தர் கடை டீயில் குருவம்மாள் கண்டது என்ன? செண்பகத்துக்கும் குருவம்மாளுக்கும் நடுவே நின்ற சுவரை இடித்தது யார்? கோபம்! வசவு! கண்ணீர்! பெண்களுக்குத் தனி இடம் உண்டு! மீதியை நேரில் காண்க!'

விரல் மரத்துப்போகும்வரை எழுதினார். தெருவுக்குத் தெரு சண்டை வேறு என்பதால் தெருவுக்குத் தெரு வேறு கேள்வி எழுதினார். அவர் கேட்டதும் மாட்டு வண்டிக்காரர் கோட்டைச்சாமி வண்டி பூட்டிக்கொண்டு வந்தார். அவருக்குக் குருவம்மாளோடு சண்டை இல்லை, காது கேட்காது. அவர் ஒரு கையில் மாட்டுக் கயிற்றைப் பிடித்து, மறு கையால் தகர டின்னைத் தட்டிக்கொண்டு வர, நாகமாணிக்கம் வண்டியில் நின்றபடி, எலிக்கும் கரையானுக்கும் மழைக்கும் கொடுக்காமல் காப்பாற்றி வைத்த காகிதங்களை அள்ளி அள்ளி ஆடிக் காற்றில் வீசினார். ரோஸும் பச்சையும் கூரை மேல் விழுந்தன, சாக்கடையில் விழுந்தன, எருமை முதுகில் விழுந்தன, சாத்தியிருந்த ஜன்னல்களில் மோதி விழுந்தன. விழுந்த இடத்தில் ராணிகளும் ராஜாக்களும் மண்ணில் குப்புறக் கிடக்க, முதுகுப் பக்கம் குருவம்மாள் மேலே தெரிந்தாள். ஒரு ஜன்னல் விரலளவு திறந்து, ஒரு கை வெளியே வந்து, ஒரு தாளை உள்ளே இழுத்துக்கொண்டது.

முதலில் வந்தது பொன்ராசு. வேறெங்கோ போகிறவர்போலக் கழுத்தில் அளவு டேப்போடு வாசலில் நின்று தலையைச் சொறிந்தார். பிறகு ராவுத்தர் டீத்தூக்கோடு வந்தார், வியாபாரத்துக்கு வந்ததாகச் சொன்னார். பிறகு பயந்தவர்கள் பயப்படாதவர்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வந்தார்கள். செண்பகம் வாசல் வழியாக வரவில்லை, இடிந்த சுவரைத் தாண்டிக் குதித்தாள். முற்றம் நிறைந்து, கொட்டடி நிறைந்து, கொய்யா மரத்தில் ஆள் ஏறி, பந்தல்காரர் சந்தில் இறக்கிவைத்திருந்த நாற்காலிகளைச் சங்கடத்தோடு உள்ளே கொண்டுவந்து போட்டார்.

குருவம்மாள் மாவுக் கையோடு வெளியே வந்தாள். "என்ன இது, யாரு வீட்டு எழவுன்னு வந்து நிக்கிறீக?"

செண்பகம் கையிலிருந்த தாளை நீட்டினாள்.

"மாவுக் கையா இருக்கு. நீ படி."

சுவர் இடிந்த அந்த மழைக்காலத்துக்குப் பிறகு ஒருத்தியோடு ஒருத்தி பேசின முதல் பேச்சு அதுதான். செண்பகம் எழுத்துக் கூட்டிப் படித்தாள். சுவரைப் பற்றின வரி வந்தபோது குரலை உயர்த்தினாள். குருவம்மாள் முகம் சிவந்தது, கூட்டத்துக்குள் புருசனைத் தேடினாள், அவர் வண்டியிலிருந்து இறங்க முடியாமல் வாசலுக்கு வெளியே நெரிசலில் சிக்கியிருந்தார். "ஊரெல்லாம் என் மானத்த நோட்டீசு போட்டு வீசியிருக்காரு எங்க வீட்டு ஆம்பள," என்றாள். பிறகு, "கடசி வரி என்ன?"

"மீதியை நேரில் காண்க."

"ம்," என்றாள் குருவம்மாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, கிரைண்டருக்குப் பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்தாள். "கேளுங்க."

அன்றைக்கு நடந்ததுபோல ஒரு சண்டை அதற்கு முன் நடந்ததில்லை. "பொம்மைக்குப் பொருந்துச்சுன்னா என்னடா அர்த்தம் பொன்ராசு? நீ ஆளப் பாத்துத் தைக்கல, குச்சியப் பாத்துத் தச்ச. கைய இப்படி விரிச்சுக்கிட்டே ஒரு பொம்பள மாவரைக்க முடியுமா?" என்று அவள் ரெண்டு கையையும் விரித்துக் காட்டியபோது கொய்யா மரத்திலிருந்து ஒருவன் சிரிப்பில் விழுந்தான். பொன்ராசு அங்கேயே டேப்பை எடுத்தார். ராவுத்தர் தொண்டையைக் கனைத்தார். அவள் அவரைப் பார்த்ததும் குரலை இறக்கினாள். "ஏலக்கா போட்டிருந்தீக. எங்கப்பன் செத்த அன்னைக்குத் துட்டி வீட்டுல குடுத்த டீயில அந்த வாசந்தான். வாய்க்குள்ள போனதும் எனக்கு அந்த வீடே வந்துருச்சு. ஊரணித் தண்ணின்னு சொன்னது தப்புத்தான்."

"அத அன்னைக்கே சொல்றதுக்கு என்னத்தா?"

"அன்னைக்குக் கேட்டீகளா?"

ராவுத்தர் தூக்கிலிருந்து ஒரு டம்ளர் ஊற்றி அவளிடம் நீட்டினார். வாங்கிக் குடித்தாள்.

இப்படி ஒவ்வொன்றாக, அழுதவர்கள் அழுது, திட்டினவர்கள் திட்டி, அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் வாங்கிக் கட்டிக்கொண்டு, மொட்டைமலை மேல் வெயில் மஞ்சளாகி, மஞ்சள் சிவப்பாகி வந்தபோது, வாசலுக்கு வெளியே வண்டியில் நின்ற நாகமாணிக்கம் ஒன்றைக் கண்டார். விடை கிடைத்தவர்கள் எழுந்துகொண்டிருந்தார்கள். மனசு லேசாகி, மாடு கறக்க வேண்டும், அடுப்புப் பற்றவைக்க வேண்டும் என்று செருப்பைத் தேடினார்கள். பொன்ராசு அவரைத் தாண்டிக்கொண்டு, "நல்லா இருந்துச்சுண்ணே" என்று படம் விட்டு வருகிறவர்போலச் சொல்லிவிட்டு நடந்தார். கொய்யா மரம் காலியானது. நாற்காலிகள் ஒன்றொன்றாக வெறுமையாயின. தெருக் கடைசியில் யாரோ முதல் விளக்கைப் போட்டார்கள்.

"போகாதீக," என்று அவர் சொன்னது அவருக்கே கேட்கவில்லை.

அப்போதுதான் செண்பகம் எழுந்து நின்று, இடுப்பில் கையை வைத்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "அது கிடக்கட்டும். சுவர இடிச்சது யாரு? இன்னைக்கு எனக்குத் தெரிஞ்சாகணும்" என்றாள்.

செருப்பில் நுழைத்த கால்கள் வெளியே வந்தன. நடந்தவர்கள் திரும்பினார்கள். பொன்ராசு ஓடிவந்தார். ஊருக்கே அந்தச் சுவர் மேல் ஒரு கண் இருந்தது, அந்தச் சுவரை வைத்து ரெண்டு கட்சி இருந்தது. முற்றம் மறுபடி நிறைந்தது.

குருவம்மாள் வாயைத் திறந்தாள்.

நாகமாணிக்கம் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். சொல்லிவிடுவாள். சொல்லிவிட்டால் எல்லாரும் எழுந்து போய்விடுவார்கள். இன்னும் கொஞ்ச நேரம், வானத்தில் அந்தச் சிவப்பு அவிகிற வரைக்கும், அவள் ஒரு வார்த்தையை, ஒரே ஒரு வார்த்தையை, வாய்க்குள் வைத்திருந்தால் போதும். அதை மட்டும் பிறந்ததிலிருந்து அவள் செய்ததே இல்லை.

சத்தம் வரவில்லை. அவர் கண்ணைத் திறந்தபோது, அவள் கூட்டத்தின் தலைகளுக்கு மேலாக அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலி வண்டியில், மைக்கறை பட்ட கையோடு நின்றிருந்தவரை. பிறகு எதிர்வீட்டு விளக்கைப் பார்த்தாள். வாயைத் திறந்தபடி இருந்தவள், சுடுசோற்றை வாயில் போட்டுக்கொண்டவள் துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் தவிப்பதுபோலத் தவித்து, கழுத்து நரம்பு புடைக்க, கண்ணில் நீர் கட்ட, அதை மெல்ல மெல்ல உள்ளே இறக்கினாள்.

"செண்பகம், மாவு பொங்கிருச்சு," என்றாள். "மீதி நாளைக்கு."

அப்படி ஒரு கூச்சலை அந்தத் தெரு கேட்டதில்லை. "அதெப்படி, சொல்லிட்டுப் போ!" "மாடு கறக்காம உக்காந்திருக்கோம்!" "மத்தியானத்துலருந்து இதுக்குத்தானே காத்துக்கெடக்கேன் மதினி!" செண்பகம் முக்காலியின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள், சொல்லாமல் நகரமாட்டேன் என்றாள், சாபம் விட்டாள், கெஞ்சினாள். அந்தச் சண்டைக்கு நடுவில் வீட்டுக்கு வீடு விளக்கு எரிந்தது, வானம் கறுத்தது, ஒரு வீட்டிலும் எதுவும் முடியவில்லை. குருவம்மாள் முதுகிலிருந்த துண்டு ஓரம் கிளம்பி, சுருண்டு, காற்றில் போய் வாசல் கோலத்தின் மேல் விழுந்தது. கூட்டத்தில் யாரோ அதை மிதித்துக்கொண்டு போனார்கள். "நாளைக்கு மொத ஆளு நான்தான்," என்று சொல்லிவிட்டுத்தான் செண்பகம் எழுந்தாள், சுவரைத் தாண்டினாள்.

துண்டு அதற்குப் பிறகும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது, கட்டு எப்போது தீரும் என்று யாருக்கும் தெரியாது. மஞ்சனூரணியில் இப்போதெல்லாம் துண்டு ஒட்டின வீட்டுக்குப் பாயைச் சுருட்டிக்கொண்டு போகிறார்கள். கேட்க ஒன்றும் இல்லாத மனுசர் என்றால் ஊர் பதறிப்போகிறது, ராத்திரிக்குள் ஒரு சண்டையையாவது மூட்டிவிட்டாக வேண்டுமே என்று. அது பின்னால் வந்த பழக்கம்.

அன்றைக்கு, எல்லாரும் போன பிற்பாடு, குருவம்மாள் மாவை வழித்துக்கொண்டிருந்தாள். நாகமாணிக்கம் முற்றத்தில் குனிந்து, செருப்புத் தடம் பட்ட ரோஸ் தாள்களையும் பச்சைத் தாள்களையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நின்னா ஆச்சா? பொறுக்குங்க. அடுத்த தடவைக்கு எழுத இடம் இருக்கான்னு பாருங்க."

அவர் ஒன்றைப் பொறுக்கி மண்ணைத் தட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, அவள் பக்கம் திரும்பாமல் கேட்டார்.

"குருவு, எனக்கு மட்டும் சொல்லு. அந்தச் சுவர யாருதான் இடிச்சா?"

குருவம்மாள் மாவுச் சட்டியை மூடினாள்.

"உங்களுக்கும் நாளைக்குத்தான்."